எனக்கு வைத்த இலை

மைசூர் ஹெப்பாளில் என் மகள் வீட்டுக்கு எதிரே ஒரு நிழற்குடை இருக்கிறது. காலை ஆறு மணி முதல் கம்பெனி பஸ்கள் அங்கே வந்து நின்று போகும். மார்கழிப் பனியில் முதலில் விளக்கு மட்டும்தான் தெரியும். பிறகு ஜன்னல்கள் வரும், கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்குகிறவர்களின் முகங்கள் வரும். யாரும் கண் திறந்து பார்ப்பதில்லை. பல ஊர்க் கல்லூரிகளில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்று, மனைவியும் போன பிறகு நான் மைசூருக்குத் திரும்பி வந்தேன். நடைப்பயிற்சி முடிந்ததும் அங்கே உட்கார்ந்து அந்த முகங்களைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் அங்கே வேறொருவர் உட்கார்ந்திருந்தார். என் வயதுக்காரர். காதை மூடிய கம்பளிக் குல்லாய், வேட்டி, பிளாஸ்டிக் செருப்பு. வலது கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, பெருவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். சுண்டுவிரலுக்கு வந்ததும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

அந்தக் கையை எனக்குத் தெரியும். அதைக் கடைசியாகப் பார்த்து ஐம்பது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது.

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"உக்காருங்க சார். எடமிருக்குதுங்க."

உட்கார்ந்தேன்.

"தமிழுங்களா? நெனச்சேன். காலு வெக்கற சத்தத்துலயே தெரியுமுங்க," என்று சிரித்தார். "நமக்குக் கோபிநத்தமுங்க, மாதேஸ்வரன் மலைப் பக்கம். என்ற பையன் இங்க பேக்டரில இருக்கறான். கண்ணு ஆபரேசன்னு கூட்டியாந்தான், அப்படியே புடிச்சு வெச்சுக்கிட்டான். எடது கண்ணு போயே போச்சுங்க. வலதுல எல்லாமே பனிக்குள்ள இருக்கற மாதிரிதான். உங்க பேரென்னங்க சார்?"

வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொன்னேன். என் பெயரைச் சொல்லியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

அவர் யார் என்று சொல்ல வேண்டும். அதற்கு, நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

பத்து வயதிலிருந்து பதினாறு வரை மைசூரில் ஒரே சந்தில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வளர்ந்தோம். நான் ரயில்வே குமாஸ்தாவின் மகன். இவன் கட்டட வேலைக்காரரின் மகன். (அப்போது அவன் எனக்கு 'அவன்'. இப்போது 'அவர்'. மாற்றி மாற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.) மூன்றாமவன் கன்னடப் பையன், அவன் அப்பாவுக்குச் சைக்கிள் கடை. மூவரும் தமிழும் கன்னடமும் கலந்த ஒரு பாஷையில் பேசிக்கொள்வோம். வீட்டில் யாருக்கும் அது முழுதாகப் புரியாது.

பதினைந்து வயதில் சைக்கிள் கடைக்காரன் ஒருநாள் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினான். "மீசெ பந்திதே நோட்ரோ! மீசைடா!"

"அது கிரீஸுடா. சோப்புப் போட்டுக் கழுவு, போயிடும்," என்றான் இவன்.

அந்த வருடம் தசராப் பொருட்காட்சியில் மூன்று பேரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டோம். அட்டையில் வரைந்த மோட்டார் காருக்குள் உட்கார்ந்து எடுக்கும் படம். சைக்கிள் கடைக்காரன் ஓட்டுநர். நாங்கள் இருவரும் பின்னால்.

"நீ நடுவுல உக்காருடா, துரை மாதிரி," என்று சொல்லி இவன் என் தோளில் கை போட்டான். ஆளுக்கு ஒரு பிரதி வாங்கிக்கொண்டோம்.

அதன் பிறகு நாங்கள் மாற ஆரம்பித்தோம். சண்டை எதுவும் இல்லை. நான் தேறினேன், கல்லூரியில் சேர்ந்தேன். சைக்கிள் கடைக்காரன் கடையில் உட்கார்ந்தான். இவன் கணக்கில் தவறி அப்பாவோடு கலவை சுமக்கப் போனான். எனக்குப் புது நண்பர்கள் கிடைத்தார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் சிரித்தார்கள் என்று எனக்குத் தோன்றியது. நானும் அப்படிச் சிரிக்கப் பழகினேன். மாலையில் சந்துக்குச் சுற்றுவழியாகப் போனேன், இவன் நிற்கும் மூலையைத் தவிர்ப்பதற்காக.

அடுத்த வருடம் எங்கள் கல்லூரியிலேயே புதுக் கட்டடம் எழும்பியது. இவனும் இவன் அப்பாவும் அங்கே வேலைக்கு வந்தார்கள். வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்தால், தலையில் கலவைச் சட்டியோடு இவன் சாரத்தில் ஏறுவது தெரியும். எங்கள் ஜன்னலுக்கு நேராக வந்ததும் புருவத்தை ஒரு முறை உயர்த்துவான். நான் புத்தகத்தைப் பார்ப்பேன். அவனை நான் வெறுக்கவில்லை. அவனுக்கு என்னைத் தெரியும் என்பதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஒருநாள் மத்தியானம் கை கால் கழுவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, எங்கள் ஆய்வுக்கூடத்து வராந்தாவில் வந்து நின்றிருக்கிறான். அவன் வீட்டில் எல்லோரும் மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போகிறார்களாம், என்னையும் கூப்பிடுவதற்காக வந்திருந்தான். அதே நேரத்தில் ஒரு மாணவனின் கைக்கடிகாரம் காணாமல் போயிருந்தது. காவலாளி இவனைப் பிடித்துக்கொண்டார். "என் சிநேகிதன் உள்ளே இருக்கிறான், அவனைக் கேளுங்கள்" என்று இவன் சொல்லியிருக்கிறான். வகுப்பு வாசலுக்கு இழுத்து வந்தார்கள்.

ஆசிரியர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "ஈ ஹுடுக கொத்தா நினகெ?" இந்தப் பையனைத் தெரியுமா உனக்கு?

நாற்பது பேர் என்னைப் பார்த்தார்கள்.

"கொத்தில்லா சார்," என்றேன். தெரியாது.

அவன் சிரித்தான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தான். "டேய், வெளையாடாதடா. சார், இவன் எப்பவுமே இப்படித்தான் சார்." பிறகு சட்டைக் காலரைத் திருப்பிக் காட்டினான். அந்தக் காலத்தில் சலவைக்குப் போகும் துணிகளில் வீட்டுக்கு வீடு ஓர் அடையாளம் இருக்கும், சேங்கொட்டை மையால் போட்டது. எங்கள் வீட்டுக்கு மூன்று புள்ளியும் கீழே ஒரு கோடும். "பாருங்க சார், இவங்க வீட்டுக் குறி. இவன் குடுத்த சட்டைதான் சார் இது. போன தீவாளிக்கு."

ஆசிரியர் என்னிடம் வந்து என் காலரைத் திருப்பிப் பார்த்தார். மூன்று புள்ளி, ஒரு கோடு.

அந்த இடத்தில்கூட நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னது இது: "அது என் சட்டைதான் சார். கொடியில் காயப் போட்டிருந்தது. காணாமல் போய்விட்டது."

அவன் சிரிப்பு நின்றது. கோபம் வரவில்லை. புதிதாக ஒருவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தான், முகத்தை நினைவில் வைத்துக்கொள்ள முயல்கிறவன் போல. சட்டையைக் கழற்றி என் மேசைமீது வைத்தார்கள். வராந்தாவில் அடி விழும் சத்தம் கேட்டது. ஆசிரியர் பாடத்தைத் தொடர்ந்தார்.

சற்று நேரம் கழித்து என் பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் மணல் வந்து விழுந்தது. எட்டிப் பார்த்தேன். கீழே மணற்குவியல் அருகே வெற்றுடம்போடு நின்றிருந்தான். இன்னொரு கை மணலை வாரி வீசினான். வாய் அசைந்தது. ஜன்னல் மூடியிருந்ததால் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. அவன் அப்பா வந்து இழுத்துக்கொண்டு போனார். அன்றே அவருக்கும் வேலை போயிற்று. மறுநாள் அந்தக் குடும்பம் சந்தில் இல்லை.

கடிகாரம் மறுநாள் அதன் சொந்தக்காரனின் சாப்பாட்டுப் பையிலேயே கிடைத்தது. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. சைக்கிள் கடைக்காரன் மட்டும் கேட்டான். "ஆ ஷர்ட்டு நீனே கொட்டித்து அல்வேனோ?" நீதானே கொடுத்தாய் அந்தச் சட்டையை? நான் சக்கரத்தைப் பார்த்தேன். அவன் ட்யூபுக்குக் காற்றடிப்பதைத் தொடர்ந்தான். அவ்வளவுதான். பிறகு அவன் என்னைக் கூப்பிட்டதே இல்லை. சில வருடங்களுக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

இப்படி ஒன்றைச் செய்தவன் ஐம்பது வருடங்கள் கழித்து அவனையே நிழற்குடையில் பார்த்தால் என்ன செய்ய வேண்டும்? எனக்குத் தெரிந்தது பக்கத்தில் உட்காருவது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு தினமும் போனேன். அவர் மழையைப் பற்றி, யானை புகுந்த சோளக்காட்டைப் பற்றி, கண் மருந்தைப் பற்றிப் பேசுவார். நான் தலையாட்டுவேன். என் குரலில் ஏதாவது பழசு தட்டுப்பட்டுவிடுமோ என்று கம்மியாகத்தான் பேசினேன்.

தை பிறந்து சில நாட்கள் இருக்கும். பஸ் ஒன்று நின்று போனது. திடீரென்று கேட்டார்.

"சார், உங்களுக்குச் சின்ன வயசுச் சிநேகிதம் யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லை," என்றேன்.

"எனக்கு ஒருத்தன் இருந்தானுங்க, இந்த ஊர்லயே. செத்துப் போயிட்டான், பதினாறு வயசுல." விரல்களை எண்ணுவது நின்றது. "நாந்தானுங்க கொன்னேன்."

பிறகு என் கதையை எனக்குச் சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார். காலர், புள்ளி, கோடு, கொடி. எனக்கு ஒரே ஒரு வித்தியாசம் தெரிந்தது. நான் அந்தக் கதையில் இவ்வளவு மோசமானவனாக இல்லை.

"பயந்துட்டானுங்க அவன். பெரிய காலேஜு, பெரிய மனுசங்க பசங்க. நடுவுல இவன் ஒருத்தன். நானா இருந்தாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பேனோ என்னமோ. ஆனா அன்னிக்கு அதெல்லாம் தெரியலீங்களே. மண்ணை வாரித் தூத்திட்டேன். என்னைத் தெரியாதுன்னு சொன்ன வாயி மண்ணாப் போகோணும், மாதேஸ்வரா, அடுத்த அமாவாசைக்கு அவன் இருக்கப்படாதுன்னு சொன்னேன். மலைக்குப் போயும் சொன்னேன், கோயல் வாசல்ல நின்னுக்கிட்டு."

"அப்புறம்?"

"ஊருக்குப் போனாலும் மனசு ஆறலீங்க. ரெண்டு தரம் வீட்டை விட்டு ஓடியாந்தேன், அவனை நேருக்கு நேரா கேக்கோணும்னு. ரெண்டு தரமும் கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டுலயே எங்கப்பன் புடிச்சிட்டான். அப்புறம் கட்டட வேலைக் கரணை, மட்டம் எல்லாம் இங்கயே விட்டுட்டு வந்துட்டோம்னு அப்பன் மைசூருக்குப் போச்சு. திரும்பி வந்து சொல்லுச்சு, உன்ற சிநேகிதன் போயிட்டான்டா, காச்சல்ல, இனி நீ அங்க போய் யாரைக் கேக்கப் போறேன்னு. அமாவாசைக்கு மூணு நாள் இருந்துச்சுங்க."

பெட்டிக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கினார். அந்தச் சத்தத்தில் நான் துள்ளிவிட்டேன்.

மகன் மறுபடி ஓடிப் போகாமல் இருக்க அப்பா சொன்ன பொய்யாக அது இருக்கலாம். அல்லது யாரோ அவரிடம் அப்படிச் சொல்லியும் இருக்கலாம். ஏனென்றால் அந்த மாதம் எனக்கு உண்மையாகவே காய்ச்சல் வந்தது. டைபாய்டு. பதினெட்டு நாள் நினைவில்லாமல் கிடந்தேன். எழுந்தபோது தலைமுடியெல்லாம் கொட்டியிருந்தது, குரல் மாறியிருந்தது. தேறியவுடன் அப்பாவுக்கு மாற்றலாகி மைசூரை விட்டே போய்விட்டோம். கடைசிவரை என் அம்மா ஒன்று சொல்லிக்கொண்டே இருப்பாள், சில சமயம் சிரித்துக்கொண்டு, சில சமயம் சிரிக்காமல்: "காய்ச்சலுக்கு அப்புறம் எழுந்தது வேற பிள்ளை."

ஒரு வாக்கியம் போதும். 'நான்தான் அவன், சாகவில்லை.' அந்த மனிதர் யாரையும் கொல்லவில்லை என்று அந்தக் கணமே தெரிந்துகொண்டிருப்பார். ஐம்பது வருடங்களாகச் சுமந்ததை அந்த நிழற்குடையிலேயே இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் அதைச் சொன்னால், கொடியில் காயப்போட்ட சட்டை காணாமல் போயிற்று என்று சொன்னவன் இந்த முகத்தோடு அவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பான். அவர் கதையில் இருந்த பயந்த சின்னப் பையனாக இருப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

"பழசுங்க. மறந்துடுங்க," என்றேன்.

"மறக்கறதுங்களா?" என்றார். "வருசா வருசம் மாளய அமாவாசைக்கு எலை போடறேனுங்க அவனுக்கு."

அந்த வருடம் புரட்டாசியில் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். மறுத்தேன். விடவில்லை.

"அவன் எலையில சாப்புட ஆளில்லீங்க சார். எங்கப்பன் எலையில என்ற மகன் சாப்புடுவான். அம்மா எலையில மருமக. இவனுக்கு நான் சாப்புடலாம்னா, என்ற வாக்கால செத்தவன் எலையில நானே கை வெக்கப்படாதுங்க. அன்னியர் ஒருத்தர் வரோணும். ஒவ்வொரு வருசமும் தெருவுல போறவங்களைத்தான் கூப்புடறேன். நீங்க வந்தா சந்தோசமுங்க."

போனேன். பட்டப்பகல், பன்னிரண்டு மணி. இரண்டு தெரு தள்ளி, மாடியில் வாடகை வீடு. சமையலறையிலிருந்து எண்ணெய் வாசனை வந்தது. மருமகள் உள்ளே இருந்து, "மாமா, உங்க ஃப்ரெண்டுக்கு நிப்பட்டு ஆயித்து. எத்தனை வெக்கட்டும்?" என்று கேட்டாள். அரிசி மாவில் கடலை போட்டுத் தட்டிப் பொரிப்பது. பதினாறு வயதில் எனக்கு உயிர்.

"நாலு வெய்யி. அவன் நாலு தின்பான்."

உள்ளறையில் சுவரோரம் படங்கள், படங்களுக்கு முன்னால் இலைகள். அவர் அப்பா, அம்மா, மனைவி. மூன்று இலைக்கும் பக்கத்தில் புதுத்துணி மடித்து வைத்திருந்தது. சற்றுத் தள்ளி, தனியாக ஒரு சின்ன இலை. அதற்குத் துணி வைக்கவில்லை. அதற்கு மேல், சாமந்திச் சரம் போட்ட ஒரு சட்டத்துக்குள் நான் இருந்தேன்.

பாதி மோட்டார் காரில் உட்கார்ந்திருந்தேன். மீதிக் காரைக் கத்தரித்து எடுத்துவிட்டிருந்தார்கள். என் தோளில் ஒரு கை இருந்தது. மணிக்கட்டோடு நின்ற கை. அதற்கப்பால் ஆள் இல்லை. நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். அந்தப் பையன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான், இனிமேல் நடக்கப்போவது எதுவும் தெரியாத முகத்தோடு.

"நல்ல களையான பையன், இல்லீங்களா?" என்றார் அவர் பின்னாலிருந்து.

கற்பூரம் காட்டி முடித்ததும் எல்லோரும் வெளியே வந்தோம். கதவைச் சாத்தினார். இறந்துபோனவர்கள் வந்து சாப்பிட்டு முடிக்கும் வரை வெளியே நிற்க வேண்டும். அவர் மகன், மருமகள், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பேத்தி, நான். தெருவில் வண்டிச் சத்தம் இல்லை. உள்ளே இலை சரசரப்பது கேட்டது. மெல்ல, நின்று நின்று கேட்டது. காற்றாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு அவர் கதவைத் தட்டித் திறந்தபோது பார்த்தேன், ஜன்னல் சாத்தியிருந்தது, விசிறி ஓடவில்லை.

"சாப்புடுங்க சார். அவனுக்காக."

என் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, எனக்கு வைத்த இலையில் சாப்பிட்டேன். நான்கு நிப்பட்டும் தின்றேன். அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நன்றாகத் தெரியாத கண்ணால் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு கவளம் விழுங்கும்போதும் அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது. இதற்குமேல் நான் சொல்லாமல் இருந்ததற்கு எந்தச் சாக்கும் இல்லை. ஆனாலும் சொல்லவில்லை. அடுத்த வருடமும் போனேன். அதற்கடுத்த வருடமும் போனேன்.

அந்த மூன்றாம் வருடத்தில்தான், போன புரட்டாசியில், அந்தப் பேத்தி ஒன்று செய்தாள். அவளுக்கு வயது பதினாறு நெருங்கிக்கொண்டிருந்தது. முந்தின வருடம்வரை என்னைத் "தாத்தா" என்று கூப்பிட்டவள், இப்போது "சார்" என்றாள். தோழிகளோடு எந்நேரமும் போனில் கன்னடத்தில் கிசுகிசுப்பவள். சாப்பாடு முடிந்து நான் கை கழுவி வந்தபோது அவள் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"தாத்தா, இங்க நோடு. உன் ஃப்ரெண்டு இருந்திருந்தா இப்ப எப்பிடி இருப்பாருன்னு போன் காட்டுது."

சுவரில் இருந்த படத்தைப் போனில் எடுத்து, முகத்தை முதுமையாக்கிக் காட்டும் ஏதோ ஒன்றில் போட்டிருக்கிறாள். அவர் போனை வாங்கி வலது கண்ணுக்கு அருகே, மூக்கில் இடிக்கும்படி வைத்துக்கொண்டார். நானும் குனிந்து பார்த்தேன்.

நரைத்த அடர்த்தியான முடி. கண்ணோரத்தில் சுருக்கங்கள், எல்லாம் சிரித்துச் சிரித்து வந்தவை. நேராகப் பார்க்கிற ஒரு நல்ல கிழவர். அவருக்கும் எனக்கும் எந்த ஒற்றுமையும் இல்லை. ஒளிப்பதற்கு எதுவும் இல்லாதவனாக இருந்திருந்தால் எனக்கு அந்த முகம் வந்திருக்குமோ என்று நினைத்தேன். அந்த முகம் லேசாக அசைந்தது. அவள் ஏதோ பொத்தானை அழுத்தியிருக்கிறாள். கண் சிமிட்டி, தலை சாய்த்து, எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தது.

"அய்யோ தாத்தா, அழபேடா. சும்மா தமாஷுக்கு."

அவர் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். "எப்பிடி இருக்க வேண்டியவன்," என்றார். "பாருங்க சார். எப்பிடி இருக்க வேண்டியவனை நான்…"

அந்தப் பெண் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் என்னால் வாய் திறக்க முடியவில்லை. படியிறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை நிழற்குடையில் சொன்னேன். எழுந்து நின்றுகொண்டு சொன்னேன். உட்கார்ந்து சொல்லத் தைரியமில்லை.

"உங்கள் சிநேகிதன் சாகவில்லை. நான்தான் அவன். காய்ச்சல் வந்தது, பிழைத்துக்கொண்டேன். நீங்கள் யாரையும் கொல்லவில்லை."

அவர் சிரித்தார். "என்ன சார் நீங்க. என்ற மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க."

"கொடியில் காயப்போட்டிருந்தது என்று நான் சொன்னது பொய். தீபாவளிக்கு நானே கொடுத்தேன். நீலக் கோடு போட்ட சட்டை. நீங்கள் மணலை எறிந்தீர்கள். முதல் தடவை கண்ணாடியில் பட்டது, இரண்டாவது தடவை சுவரில் பட்டது. நீங்கள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. ஜன்னல் மூடியிருந்தது."

சட்டையின் நிறத்தை அவர் எனக்குச் சொன்னதே இல்லை. இரண்டாவது கை மணலைப் பற்றியும் சொன்னதில்லை.

பஸ் ஒன்று வந்து நின்றது. ஏறினார்கள். போயிற்று. இன்னொன்று வந்தது. அவர் விரல்கள் அசையாமல் முழங்கால்மீது கிடந்தன.

"மூணு வருசமா," என்றார் கடைசியில், "எங்கூட உக்காந்து… என்ற வூட்ல சாப்புட்டு…"

"ஆமாம்."

"சொல்லலை."

"சொல்லவில்லை."

அடிப்பார் என்று நினைத்தேன். மண்ணை வாரி எறிந்திருந்தாலும் நின்றிருப்பேன். அவர் நீளமாக மூச்சு விட்டார். எங்கோ வெகு ஆழத்திலிருந்து வருவது போல, விட்டுக்கொண்டே இருந்தார். அவர் தோள்கள் அவ்வளவு கீழே இறங்கி நான் பார்த்ததில்லை.

"அப்ப என்ற வாக்குல யாரும் சாவலை."

"இல்லை."

"மாதேஸ்வரா," என்றார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார், தன் கண்ணில் நின்ற அந்த வெள்ளைப் பனியைப் பார்த்து. நான் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன். திட்டாக இருந்தாலும் சரி, பழையபடி ஒரு 'டேய்' அதில் இருக்காதா என்று காத்திருந்தேன்.

"சார்," என்றார். "ஒண்ணு கேக்கட்டுங்களா? அப்ப இத்தனை வருசமா வந்து சாப்புட்டுப் போறது யாருங்க?"

நான் பஸ் வரும் பக்கம் பார்த்தேன்.

"கதவைச் சாத்துனா சத்தம் கேக்குமே. நீங்களும் நின்னீங்களே, கேட்டீங்களே. ஊர்ல இருந்தப்பவும் வந்தானுங்க. அதுக்கு முந்தி எங்கப்பன் இருந்த குடிசைக்கும் வந்தான். ஒரு வருசம் வெள்ளம் வந்து கேம்புல கெடந்தோம், அங்கயும் வந்தான்." என் பக்கம் திரும்பி, அந்தப் பனிமூடிய கண்ணால் என் முகத்தைத் தேடினார். தேடுவதை விட்டுவிட்டார். "நீங்க இருக்கறீங்க, அது சரிங்க. ஆனா அவன் நீங்க இல்லீங்க. அவனை வுட முடியாது என்னால. அவனுக்கு வேற யாரிருக்கா?"

"இனிமேலும் இலை போடுவீர்களா?"

"போடுவேனுங்க. ஆனா நீங்க மட்டும் அன்னிக்கு வரவேண்டாம் சார்." இதைச் சொல்லும்போது அவர் குரலில் மரியாதை குறையவில்லை. உடம்பு முடியாதவரிடம் வாசற்படி பார்த்து இறங்குங்கள் என்று சொல்வது போல இருந்தது. "சின்னப் பையனுங்க அவன். உங்களைப் பாத்தா பயந்துக்குவான்."

சரி என்றேன்.

நாங்கள் இன்னும் காலையில் சந்திக்கிறோம். கண் மருந்து, மழை, சர்க்கரை அளவு என்று பேசுகிறோம். நான் சொன்னதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

போன வாரம் மாளய அமாவாசை வந்து போயிற்று. நான் வீட்டிலேயே இருந்தேன். பன்னிரண்டு மணிக்குக் கதவைச் சாத்துவார்கள் என்று தெரியும். கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். மூன்று மணிக்கு அந்தப் பேத்தி ஒரு டப்பாவோடு வந்தாள்.

"தாத்தா குடுத்து அனுப்புனாரு சார். அஜ்ஜி எலையிலேர்ந்து எடுத்தது."

அவள் பாட்டிக்கு வைத்த இலை. வாங்கிக்கொண்டேன். கேட்கக்கூடாது என்று நினைத்ததைக் கேட்டேன். "அந்தச் சின்ன இலையில் யார் சாப்பிட்டார்கள்?"

"தாத்தாவேதான். எப்பவும் தொட மாட்டாரு, இல்லா? இந்த வருஷம் வேற யாரையும் கூப்பிடபேடா, நானே உக்கார்றேன்னுட்டாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சார், ஒண்ணு சொல்லட்டா? அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. யார்கூடவோ பேசிட்டே சாப்ட்டாரு."

"என்ன பேசினார்?"

"சரியா கேக்கலை. கன்னடா கொஞ்சம், தமிழ் கொஞ்சம், எனக்கே அர்த்தமாகலை. நடுவுல ஒருதடவை போடான்னு சொல்லி, விழுந்து விழுந்து சிரிச்சாரு."